அடக்கம்

"இன்னும் கொஞ்ச நேரந்தாங்க. டாக்டரம்மா வந்துக்கிட்டே இருக்காங்க. அடக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஸ்கேன் அறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். வந்துக்கிட்டே இருக்காங்க என்பதைக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், எங்கிருந்து வருகிறார்களோ, ராமேஸ்வரத்திலிருந்து நடந்து வருகிறார்களோ என்னவோ. சபாபதி தொடைகளை ஒட்டவைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தாலும் வலிக்கிறது, குனிந்தாலும் வலிக்கிறது, லேசாக இடதுபக்கம் சரிந்தால் கொஞ்சம் தாங்குகிறது. ஆனால் இடதுபக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் மேல் சரிய முடியுமா. எதிரிலும் கர்ப்பிணிப் பெண்கள்தான், வரிசையாக, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு. ஒருத்தி குடிக்கிறாள், ஒருத்தி மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடுகிறாள், ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அத்தனை பேருக்கும் நடுவே ஒரு ஆம்பளை, நரைத்த மீசையோடு, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு வர வேண்டிய இடம். கூட வேலை பார்த்த கலியமூர்த்தி உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பான். சிரித்தால் அடங்காது, சிரிக்கக் கூடாது. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று. சபாபதி அதைப் படித்தார், திரும்பவும் படித்தார், கண்ணை எடுத்து டிவியைப் பார்த்தார், டிவியில் யாரோ ஒருத்தி எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டாள், சொர்ரென்றது, அந்தச் சத்தம் அடிவயிற்றில் போய் விழுந்தது. மறுபடி கண் சுவருக்கே போயிற்று. உள்ளே இருப்பது என்னவென்று சொல்லமாட்டோம். கேட்பதும் குற்றம். நல்ல சட்டம். இவருக்கும் அந்தச் சட்டத்தைப் பொருத்தினால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். போகிற வழியில் ஏதாவது புளியமரத்து நிழலில் நின்று, அப்பாடா என்று. ஆனால் அப்போது குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் பயம். அடக்குவது வலி, விடுவது பயம். ரெண்டுக்கும் நடுவில்தான் இந்த நாற்காலி.

முதல் தடவை நீர் சிவப்பாகப் போனபோது அவர் பயப்படவே இல்லை, அதுதான் யோசிக்க யோசிக்க உறுத்துகிற விஷயம். சாயக் கம்பெனியில் மூணாம் பிளாக்கில் வேலை பார்த்தவனுக்கு எந்த நிறத்தில் போனாலும் அதிசயம் கிடையாது. பிளாக்கில் மஞ்சள் ஓடுகிற வாரம் மஞ்சள், ஆரஞ்சு ஓடுகிற வாரம் ஆரஞ்சு. வடிகட்டியைத் திறந்து, தகடு தகடாகப் பிரித்து, அதில் அப்பியிருக்கிற ஈரச் சாயத்தை மரக்கரண்டியால் சுரண்டித் தட்டில் தள்ளுவதுதான் வேலை. காய்ந்த பிறகு அதைப் பொடியாக்கும்போது எழும்புகிற தூசியில் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது. குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள், கம்பெனி சோப்பு உண்டு, ஆனால் உள்ளே போனதைச் சோப்பு என்ன செய்யும். ராத்திரி வேர்வையில் தலையணை கலராகிவிடும். மனைவி விருத்தாம்பாள் அவருடைய துணியைத் தனியாக, கடைசியாகத்தான் துவைப்பாள், ஒரு நாள் மறதியில் மகள் மங்கையின் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையையும் சேர்த்துப் போட்டுவிட்டாள், பிள்ளை ரோஸ் சட்டை போட்டுக்கொண்டு போய் வகுப்புக்கு வெளியே நின்றது. கழிவறையில் வரிசையாக நிற்கும்போது ஒருத்தன் நிறத்தை ஒருத்தன் எட்டிப் பார்த்துக் கேலி பண்ணுவார்கள். இன்னைக்கு யாருது கெட்டியா இருக்கு என்று போட்டிகூட உண்டு. அதனால் வைகாசியில் ஒரு நாள் கொல்லைப் பக்கம் நின்றபோது சிவப்பாகப் போனதும், ஓ, சிவப்பு ஓடுது போலிருக்கு என்று நினைத்துக்கொண்டு கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். மீன்குழம்பு. ரெண்டாவது தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் உறைத்தது, எங்கே ஓடுகிறது சிவப்பு? அவரை மூணாம் பிளாக்கிலிருந்து கிடங்குக்கு மாற்றி ரெண்டு தீபாவளி ஆகிவிட்டது. கிடங்கில் மூட்டை அடுக்குகிற வேலை, சாயத்தை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. தலையணை உறை வெள்ளையாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் இது வெளியேயிருந்து வந்த சிவப்பு இல்லை. அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமில்லை, தெளிந்த தண்ணீர் மாதிரி. அப்பாடா, பீட்ரூட் சாப்பிட்டிருப்போம் என்று நினைத்தார். விருத்தாம்பாளிடம் சுற்றிவளைத்துக் கேட்டார், இந்த வாரம் பீட்ரூட் ஆக்குனியா. "நான் எந்தக் காலத்துல அதை வாங்குனேன், உங்களுக்குத்தான் ஆவாதே" என்றாள் அவள். மறுபடி வந்தது. மறுபடி போயிற்று. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. வலித்திருந்தால் ஓடியிருப்பார். வலிக்காத ஒன்றைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது. ஆடி போய் ஆவணி வந்து, நேற்றுக்கு முந்தின நாள் கட்டியாக ஒன்று விழுந்தபோதுதான் மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்தார். அதுவும் முழுசாக இல்லை. நீர் சரியாப் போவல மாப்ள, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா என்றார். மாப்பிள்ளை ஏன் எதற்கென்று கேட்கவில்லை. சரி மாமா, எனக்கு பி ஷிஃப்டுதான், காலையில போயிட்டு வந்துடலாம் என்றார். ஏன் கேட்கவில்லை?

மாப்பிள்ளை இளவழகன் வெளியே வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக முதுகு தெரிந்தது. நல்ல முதுகு, அகலமான முதுகு, மூட்டையை ஒரு தூக்கில் தோளுக்கு ஏற்றுகிற முதுகு. மங்கையைப் பெண் பார்க்க வந்தபோது கம்பெனியில ஒப்பந்த வேலை, சீக்கிரம் நிரந்தரம் ஆயிடும் என்றுதான் அவர்கள் வீட்டில் சொன்னார்கள். எந்த பிளாக் என்று சபாபதி கேட்கவில்லை. எந்த பிளாக் என்று தெரிந்தபோது கல்யாண வேலை பாதி நடந்திருந்தது. அதே மூணாம் பிளாக். அதே வடிகட்டி. அவர் சுரண்டிய தகடுகளைத்தான் இவர் சுரண்டுகிறார். அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது, இல்லையா? இருந்தது. மாமனார் இடத்துல மாப்ள என்று பிளாக்கில் சொன்னபோது வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டார். நினைக்காதே. வேறு ஏதாவது நினை. மழை வருமா. மல்லாட்டைக்கு இப்போது ஒரு மழை வேண்டும், இல்லையென்றால் கடலை பிஞ்சிலேயே கருகிவிடும். மழை என்றால் தண்ணீர். தண்ணீரை நினைக்காதே. அடிவயிறு ஒரு கல் மாதிரி இறுகிக் கிடந்தது, அதற்கு உள்ளே ஏதோ ஒன்று மிதக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இல்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. நத்தை மாதிரி, தொட்டிச் சுவரில். சீ. நத்தையை நினைத்ததும் உடம்பு கூசியது. கல்லாக இருக்கும். ஊரில் யாருக்குத்தான் கல் இல்லை, வாழைத்தண்டு ஜூஸ் குடித்தால் கரைந்துவிடும். பிளாக்கில் கூட நின்ற சவரிமுத்துவுக்கும் கல்லடைப்பு என்றுதான் சொன்னார்கள்.

சவரிமுத்து கல்லடைப்பில் செத்தான். தேவநாதன் குடித்துக் குடித்துச் செத்தான். கலியமூர்த்திக்கு ஹார்ட். இப்படித்தான் ஊரில் சொல்வது, இப்படித்தான் அவரும் சொல்லியிருக்கிறார், கேட்டவர்களிடமெல்லாம். ஆனால் தேவநாதன் குடித்தது கடைசி ஒரு வருஷம்தான், ரத்தம் போக ஆரம்பித்த பிறகுதான், தூங்குவதற்காகக் குடித்தான். முன்னது எது பின்னது எது என்று யார் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி ஒருத்திதான் கம்பெனி வாசலில் போய் நின்று என் புருஷனுக்கு என்னா வந்துச்சுன்னு சொல்லுங்க என்று கேட்டாள். மறுநாள் அங்கேயே வேலை பார்த்த அவள் தம்பிக்குக் கேட் பாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், அவளும் கேட்பதை விட்டுவிட்டாள், தம்பிக்குப் பாஸ் திரும்ப வந்தது. கலியமூர்த்தி கட்டிலில் கிடந்தபோது சபாபதி போய்ப் பார்த்தார். உடம்பில் எலும்புதான் மிச்சம். கட்டிலுக்குக் கீழே குழாய் வழியாக வடிகிற பை தொங்கியது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், காலண்டரில் முருகனைப் பார்த்தார். கலியமூர்த்திதான் சிரித்தான். "குனிஞ்சு பாரு சபா, நம்ம பிளாக்குல இன்னைக்கு என்னா கலர் ஓடுதுன்னு." சபாபதி குனியவில்லை. அடக்கம் பண்ணுகிற அன்று கம்பெனியிலிருந்து மாலை வந்தது, ஒரு ஆபீசர் வந்தார், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, என்னாச்சாம் என்று கேட்டார். யாரோ, ஹார்ட் நின்னுடுச்சு சார் என்றார்கள். ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டார். பொய் இல்லையே. யாருக்குத்தான் நிற்கவில்லை. தூக்குப் போட்டவனுக்கும் நிற்கிறது, பாம்பு கடித்தவனுக்கும் நிற்கிறது, செத்தவர்கள் எல்லாருக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது, அதனால் அதையே சொல்லிவிடலாம், சொல்வதும் சுலபம், கேட்பவருக்கும் கஷ்டமில்லை. போன வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு பெண் வந்தாள், தோளில் பை, கழுத்தில் அட்டை. கம்பெனிக்குப் போனவர்களில் யார் யார் செத்தார்கள், என்ன வந்து செத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். சர்க்கரை என்றார்கள், ஹார்ட் என்றார்கள், குடி என்றார்கள், வயசு என்றார்கள். நாற்பத்தஞ்சில் செத்தவனுக்கு வயசு. விருத்தாம்பாள் கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்ல யாரும் சாவலம்மா." சபாபதி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் குரலில் கோபம் இருந்தது என்று நினைத்தார். இப்போது நினைத்தால் அது கோபம் மாதிரி இல்லை. அவளும் துணி துவைத்தவள்தானே, தலையணையைப் பார்த்தவள்தானே. எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் அடக்கிக்கொண்டு, இடதுபக்கம் கொஞ்சம் வலதுபக்கம் கொஞ்சம் சரிந்து சரிந்து.

"மாமா, டீ எதுனா வேணுமா?" இளவழகன் உள்ளே வந்து பக்கத்தில் நின்றார்.

"வேணாம் மாப்ள. இன்னும் ஒரு மொடக்கு உள்ள போனாலும் வெடிச்சிடும்."

இளவழகன் சிரித்தார். சிரிக்கும்போது உதடு தெரிந்தது. உதட்டின் ஓரத்தில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு நீலம். பிளாக்கில் இதை நீலம் ஏறுவது என்பார்கள். உதடும் நகமும் நீலமாகும், தலை சுற்றும், கொண்டுபோய்க் காற்றோட்டமாகப் படுக்கவைத்து ஒரு டம்ளர் பால் கொடுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தெளிந்ததும் எழுந்து வேலைக்குப் போகவேண்டியதுதான். சபாபதி அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேத்து நீலம் ஏறுச்சா என்று கேட்க நினைத்தார். கேட்டால், ஆமா மாமா என்பார். அப்புறம் என்ன சொல்வது.

"சூப்பர்வைசர்தான் போன்ல" என்றார் இளவழகன், குரலைத் தணித்து. "ஆர்டர் டைப் ஆயிடுச்சாம் மாமா. கையெழுத்துதான் பாக்கி. மங்கைகிட்ட இன்னும் சொல்லல. கைக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு."

"நல்லது மாப்ள."

"நிரந்தரம் ஆயிட்டா பொறவு வேற செக்‌ஷன் கேட்டுக்கலாம். ஒரு வருஷம் ஓட்டிட்டா கொடுத்துடுவாங்க."

நல்லது என்று மறுபடி சொன்னார் சபாபதி. இதே வார்த்தை. நிரந்தரம் ஆகட்டும், பிறகு செக்‌ஷன் மாற்றிக்கலாம் என்று இவரும் ஒரு நாள் விருத்தாம்பாளிடம் சொன்னார், அவள் நம்பினாள், இவரும் நம்பினார். அப்புறம் மங்கை பிறந்தாள், அப்புறம் கூரை மாற்றினார்கள், அப்புறம் நீலம் ஏறி விழுந்து அவர்களாகத் தூக்கிக் கிடங்கில் போடுகிற வரைக்கும் வடிகட்டிதான். சொல்லு. இப்போதே சொல்லு, மாப்ள அந்த ஆர்டர் வேணாம் என்று சொல்லு. சொன்னால்? வேண்டாமென்றால் வேறு என்ன இருக்கிறது அந்த ஊரில். கடல் பக்கம் போனால் மீன் கிடையாது, நிலத்தில் போர் போட்டால் மஞ்சள் தண்ணீர். மங்கைக்கு இது ஏழாவது மாசம். வாயைத் திறந்தால் வேறெதுவும் திறந்துகொண்டுவிடும் போல அடிவயிறு முட்டியது. அவர் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண் தன் பாட்டிலிலிருந்து இன்னும் ஒரு மிடறு குடித்தாள், தொண்டை ஏறி இறங்கியது. அய்யோ, குடிக்காதே தாயி. யாருக்காவது எழுந்துபோக அனுமதி கிடைத்ததா. எழுந்து ஓடிவிடலாமா. கதவு அங்கே இருக்கிறது, யாரும் பிடித்துவைக்கவில்லை. மூணாம் பிளாக்கிலும் கதவு இருந்தது, யாரும் பிடித்துவைக்கவில்லை. தானாகத்தான் போனார், தானாகத்தான் தினமும்.

"சபாபதி! உள்ள வாங்க. கூட வந்தவங்களும் வரலாம்."

உள்ளே இருட்டாகக் குளிர்ந்து இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசுதான், முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, ஓடி வந்த மூச்சோடு உட்கார்ந்திருந்தார். படுக்கச் சொன்னார். வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். குளிர்ந்த கூழ் போல ஒன்றை வயிற்றில் தடவி, அந்தக் கருவியை வைத்து அழுத்தியபோது சபாபதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க ஐயா, பை நிறைஞ்சிருந்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா, திரையைப் பார்த்துக்கொண்டே. முதலில் பேசிக்கொண்டேதான் பார்த்தார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று. பிறகு பேச்சு நின்றது. கருவி மட்டும் ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது, சாய்ந்து, திரும்பி, அழுத்தி, அதே இடம். விசைப்பலகையில் டக் டக் என்று சத்தம். மறுபடி அதே இடம். சபாபதி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கூரையில் தண்ணீர் ஒழுகிய கறை. அது ஒரு நாட்டு வரைபடம் மாதிரி இருந்தது, எந்த நாடு என்று யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தால் டாக்டரம்மா வாயைத் திறக்கமாட்டார் என்று தோன்றியது.

"ரத்தம் போகுதா ஐயா?"

"ஆமாங்கம்மா."

"வலி?"

"இல்லீங்க. வலியே இல்ல."

"பீடி, சிகரெட்?"

"கிடையாதுங்க."

"என்ன வேலை பாக்குறீங்க?"

சபாபதி வாயைத் திறப்பதற்குள் கட்டிலின் கால்மாட்டில் நின்ற இளவழகன் சொன்னார்: "விவசாயங்க மேடம். கொஞ்சம் மல்லாட்டை போட்டுருக்கோம்."

இருட்டில் மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லை. குரல்தான், அவசரமாக, தயாராக வைத்திருந்த மாதிரி. சபாபதிக்கு அடிவயிற்றின் வலி ஒரு நொடி மறந்தே போயிற்று. ஓ. இவருக்கும் தெரியும். ஒன்றும் தெரியாதவன் பொய் சொல்வானா. கம்பெனி என்று சொன்னால் என்ன வரும் என்று தெரிந்தவன்தான் மல்லாட்டை என்று சொல்வான். தேவநாதன் பெண்டாட்டியின் தம்பி நினைப்பு வந்திருக்கும், கையெழுத்துக்குக் காத்திருக்கிற ஆர்டர் நினைப்பு வந்திருக்கும். ஒரு வார்த்தை வெளியே போனால் எத்தனை கைமாறி எந்த மேசைக்குப் போகும் என்று யார் கண்டது. பாவம். முப்பது வயசுப் பிள்ளை. இவர் மட்டும் ஆமாம், மல்லாட்டைதான் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். டாக்டரம்மா ஏதோ ஒன்றைச் சொல்வார், அதற்கு ஊரில் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். சபாபதி எதில் செத்தார், ஹார்ட். மாலை வரும். ஆபீசர் செருப்போடு நிற்பார். இளவழகன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமா சார், ஹார்ட்தான் என்பார், நீல உதட்டோடு. அந்தக் காட்சி கூரையின் கறைக்குள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றார் சபாபதி. தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். "சாயக் கம்பெனி. மூணாம் பிளாக். கல்யாணம் ஆவுறதுக்கு முன்னாடி போனது. இப்பத்தான் கிடங்குல இருக்கேன்."

டாக்டரம்மாவின் கை நின்றது. திரையிலிருந்து முகத்தைத் திருப்பி முதல் முறையாக அவரைப் பார்த்தார்.

"பையோட சுவத்துல ஒரு வளர்ச்சி மாதிரி தெரியுதுங்க ஐயா. கல்லு இல்ல. இதை வெச்சு முடிவாச் சொல்ல முடியாது, உள்ள குழாய் விட்டுப் பாத்து, சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். ஆனா சந்தேகப்படணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், தள்ளிப் போடாம போங்க. சீக்கிரம் பாத்தா வைத்தியம் இருக்கு." கருவியை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார். "கூட வேலை பாத்தவங்கள்ல வேற யாருக்காவது இப்படி வந்துருக்கா?"

"சவரிமுத்து" என்றார் சபாபதி. "தேவநாதன். கலியமூர்த்தி." அதற்கு மேலும் பெயர்கள் இருந்தன, ஆனால் கலியமூர்த்தியோடு நிறுத்திக்கொண்டார். "எல்லாருக்கும் வேற வேறன்னு சொன்னாங்கம்மா. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

டாக்டரம்மா தலையசைத்தார். பிறகு கால்மாட்டைப் பார்த்து, "நீங்க தம்பி? நீங்க என்ன வேலை?" என்றார்.

இளவழகன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. "நான் விவசாயங்க" என்றார்.

சபாபதி குறுக்கே பேசவில்லை. தன் உடம்பைப் பற்றிச் சொல்லலாம். அடுத்தவன் உடம்பைப் பற்றி அவன் இருக்கும்போது எப்படிச் சொல்வது. டாக்டரம்மா பஞ்சை எடுத்துக் கொடுத்தார், துடைத்துக்கொண்டு எழுந்தார், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். கழிவறைக் கதவைத் தாழிட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் வந்தது. உடம்பு முழுக்க இறுகிக் கிடந்த ஒவ்வொரு கட்டும் அவிழ, முதுகு, தோள், தாடை எல்லாம் அவிழ, சுகம், அவ்வளவு சுகம், எதற்கு இந்த நேரத்தில் இவ்வளவு சுகம் என்று வெட்கமாக இருந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். கலியமூர்த்தி வீட்டில் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு தண்ணீர் ஊற்றினார்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் இளவழகன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, "ஏன் மாமா சொன்னீங்க?" என்றார்.

"கேட்டாங்களே மாப்ள."

"அதான் நான் சொன்னேன்ல."

"அது எனக்கு வந்த நோவு. மல்லாட்டைக்கு வந்தது இல்ல." கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டதோ என்று குரலைத் தணித்தார். "உங்களுக்குத் தெரியும்தான மாப்ள?"

"எல்லாருக்கும் தெரியும் மாமா." இளவழகன் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். "சேர்ந்த ஒடனே தெரியும். தெரிஞ்சு என்னா பண்றது, சொல்லுங்க. நான் போவலன்னா அந்த எடத்துக்கு வெளியே நிக்கிறவன் எத்தனை பேர் தெரியுமா? மங்கை இப்ப இருக்குற நெலமையில நான் வூட்ல குந்திக்கினு என்னா பண்ணுவேன்?"

சபாபதி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "மங்கைகிட்ட நானே சொல்லிக்கிறேன். எனக்கு என்னா வந்துருக்குன்னு அதோட பேரைச் சொல்லித்தான் சொல்லுவேன். ஹார்ட்டுன்னு யாரும் சொல்லிக்க வேணாம்" என்றார். இளவழகன் வண்டியை உதைத்துக் கிளப்பினார். பின்னால் உட்கார்ந்து அந்த அகலமான தோளைப் பிடித்துக்கொண்டு போனார் சபாபதி. சட்டைக்கு உள்ளே சூடு தெரிந்தது. உப்பங்கழிப் பாலம், முந்திரித் தோப்பு, எண்ணெய் டேங்கர்கள், பிறகு அந்த வாடை. ஊர்க்காரனுக்கு அது வாடையே இல்லை, அந்துருண்டை போட்ட பெட்டியைத் திறந்த மாதிரி லேசாக, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொல்கிற வாடை. இன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. மூச்சை இழுக்காமல் இருந்து பார்த்தார். எவ்வளவு தூரம் முடியும்.

கம்பெனிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் இளவழகன் வண்டியை நிறுத்தினார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. "பஸ்ல போயிடுவீங்களா மாமா? வூட்ல வுட்டுட்டு வந்தா கேட் சாத்திடுவான்." போயிடுறேன் என்றார் சபாபதி. இளவழகன் போகாமல் ஒரு நிமிஷம் நின்றார். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கினு போறேன். தனியா போவாதீங்க" என்றார். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கேட்டில் அட்டையைக் காட்டினார், குனிந்து உள்ளே போனார், மூணாம் பிளாக் பக்கம் திரும்பினார், அப்புறம் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நின்றிருப்பார். நின்ற பிறகு? சபாபதி நிறுத்தத்தின் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தார்.

பி ஷிஃப்டுக்காரர்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்துகொண்டிருந்தார்கள். கும்பலாக வந்தவர்களில் அஞ்சாபுலி இவரைப் பார்த்துவிட்டான். மூணாம் பிளாக்கில் இவருக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்தவன், ஷிஃப்டு முழுக்க எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பவன். "என்னாண்ணே, ஸ்கேன் எடுக்கப் போனியாமே. ஆணா பொண்ணா?" என்று அங்கிருந்தே கத்தினான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

சபாபதிக்கும் சிரிப்பு வந்தது. கல்லுடா தம்பி என்று சொல்லிவிட அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. அத்தனை வருஷப் பழக்கம். அவர் அதை விழுங்கினார். "மூத்திரப் பையில கட்டி அஞ்சாபுலி. கல்லு இல்ல. கேன்சரா இருக்கும்னு சந்தேகப்படுறாங்க. மூணாம் பிளாக்குன்னு சொல்லிட்டேன் டாக்டர்கிட்ட."

சிரிப்பு அப்படியே நின்றது. ஒருத்தன் செருப்பைப் பார்த்தான். ஒருத்தன் அண்ணே, ஒண்ணும் ஆவாதுண்ணே என்று முணுமுணுத்துவிட்டு நடந்தான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் வேகமாக நடந்தார்கள், அங்கே நின்றால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல. அஞ்சாபுலியும் போனான். ஊருக்குப் போகிற பஸ் வந்தது, நின்றது, கண்டக்டர் எட்டிப் பார்த்தார். சபாபதிக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பஸ் போய்விட்டது. பஸ் மறைத்திருந்த இடத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், அஞ்சாபுலி தனியாக நின்றுகொண்டிருந்தான். கேட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ரோட்டைக் கடந்து இவரிடம் வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவனைப் பார்ப்பது வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

"ரத்தம் போவும்போது வலிச்சுதாண்ணே?" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

"இல்லடா. வலிக்கவே இல்ல."

அஞ்சாபுலி தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் வலிக்கலண்ணே" என்றான்.

சபாபதி நகர்ந்து இடம் விட்டார். அவன் உட்கார்ந்தான். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கம்பெனியில் சங்கு ஊதியது, நீளமாக, ஊதிக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார். அஞ்சாபுலி எழுந்திருக்கவில்லை.